துளுக்காத ஆடும் ஓர் அடடாவும்

மலைக்குப் பணி ஆணை வாங்கியிருக்கும் ஆய்வகத் தம்பி தங்கைகளே, உங்கள் பயிற்சி முடிகிற அன்றைக்கு வந்து நாலு வார்த்தை பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மேடை எனக்கு ஒத்துவராது. முப்பது வருஷம் ரத்தத்தோடும் சளியோடும் மட்டுமே பழகியவன் நான். அவை எதிர்த்துப் பேசாது, கொட்டாவி விடாது. அதனால் பேசாமல் எழுதியே தருகிறேன்.

சாயம் எத்தனை நிமிஷம் வைப்பது, கண்ணாடிச் சில்லை எப்படிப் பிடிப்பது என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வாயை எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். அதில் நான் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. திறக்க வேண்டிய இடத்தில் மூடி, மூட வேண்டிய இடத்தில் திறந்து, ஒரு குடும்பத்தை அந்தரத்தில் தொங்கவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

நான் ராசிபுரத்துக்காரன். பணியின் கடைசிப் பதினோரு வருஷம் கொல்லிமலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். மலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. முதல் நாள் பதினேழாவது வளைவில் காலைச் சிற்றுண்டி போயிற்று. நாற்பதாவதில் முந்தின நாள் சாப்பாடு போயிற்று. எழுபதாவதில் வெளியே வர என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. "போகப் போகப் பழகிருமுங்க சார்" என்றார் கண்டக்டர். ஓய்வு பெற்று இறங்கின அன்றைக்கும் பழகவில்லை.

அங்கேதான் சரசுவும் அறப்பளியும் எனக்குப் பழக்கமானார்கள். பெயர்கள் இரண்டும் நான் வைத்தவை. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயது இருக்கும். கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்லை. மரவள்ளிக் காடு, நாலு பலா, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி, அறப்பளியின் அம்மா நல்லம்மா. அதுதான் குடும்பம்.

சரசு எங்கள் நிலையத்துக்கு வந்துகொண்டே இருப்பாள். இருக்கிற மருத்துவர் ஒரு பரிசோதனை எழுதுவார், நான் ரத்தம் எடுப்பேன், எல்லாம் சரியாக இருக்கும். அவர் மாறிப் போவார், புதியவர் வருவார், மறுபடி எழுதுவார், மறுபடி குத்துவேன். அவள் கையில் நரம்பு எங்கே ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். ஐந்து வருஷத்தில் பதினொரு தடவை.

பன்னிரண்டாவது தடவை புதிதாக ஒரு மருத்துவர் வந்திருந்தார். சின்னப் பெண். சரசுவின் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அவர் ரிசல்ட் எங்க சார்?"

"எவருங்க?"

"இவங்க வீட்டுக்காரர்."

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒருவர் இந்த விஷயத்தில் சம்பந்தப்பட்டவர் என்பது ஐந்து வருஷமாக என் மண்டையில் ஏறவேயில்லை. எழுதிக்கொடுத்ததைத்தானே செய்தேன் என்று நீங்கள் எனக்காகப் பரிந்து பேசலாம். வேண்டாம். எழுதியவர்கள் வந்து வந்து போனார்கள். ஐந்து வருஷமும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே கையைக் குத்தியவன் நான்தான். ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம்.

அறப்பளி ஆறடி ஆள். மிளகு பறிக்க ஏணி இல்லாமலே மரம் ஏறுவான். காட்டுப் பாதையில் கரடி எதிரே வந்தபோது "அந்தண்ட போ" என்று அதட்டிவிட்டுத் தன் வழியில் நடந்தவன் என்று ஊரில் சொல்லுவார்கள். அப்பேர்ப்பட்டவன், நாமக்கல் போய்ப் பரிசோதனை செய்துகொள் என்றதும் வேர்த்துப் போனான்.

"பஸ்ல ஏறுனா எங்க போறேன்னு மலையே கேக்குமுங்க சார். அடிவாரம் காரவள்ளி எறங்கறதுக்குள்ள அத்தன பேருக்கும் தெரிஞ்சு போயிரும்."

சரி, முதல் கட்டமாக இங்கேயே பார்த்துவிடலாம் என்றார் மருத்துவர். டப்பாவைக் கொடுத்து விவரம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அவனை நிலையத்துக்குப் பின்னால் பலா மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். எனக்கு இரண்டு பிள்ளைகள், தலை நரைத்துவிட்டது, இருந்தும் அந்த வார்த்தை தொண்டையைத் தாண்டி வரவில்லை.

"இதுல கொண்டுட்டு வாங்க."

"எதுங்க சார்?"

"அதாங்க, உங்களோடது."

அவன் முகம் மலர்ந்தது. நன்றாகப் புரிந்துவிட்டது என்று தலையாட்டினான். மறுநாள் காலையில் டப்பா நிறையத் தேன் கொண்டு வந்தான். மூடியைத் திறந்து என் மூக்குக்குக் கிட்டக் காட்டினான்.

"எங்க காட்டுல நானே எடுத்ததுங்க. சக்கரப் பாகு ஒரு சொட்டுக் கலக்கலீங்க. உங்களுக்கில்லாததா? கேக்கறதுக்கு ஏனுங்க சார் அத்தன கூச்சம்?"

மலையில் யாராவது டப்பா கொடுத்தால் வேறு எதற்கென்று நினைப்பார்கள்? வேறு டப்பா கொடுத்தேன். இந்தத் தடவை கொஞ்சம் தைரியம் வரவழைத்துக்கொண்டு, "தேன் இல்லைங்க. உங்க உடம்புல இருந்து வரணும்" என்றேன். அதற்கடுத்த நாள் சளி வந்தது. காசநோய் முகாமில் நான்தான் ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருந்தேன், காலையில் எழுந்ததும் வாய் கொப்புளித்து, ஆழமாக மூச்சிழுத்து இருமி எடுக்க வேண்டும் என்று. அறப்பளி அதை வரிக்கு வரி ஒப்பித்துவிட்டு டப்பாவை நீட்டினான். முறைப்படி எடுத்த, முதல்தரமான சளி. வீணாக்க மனம் வராமல் அதையும் பரிசோதித்தேன். காசநோய் இல்லை.

எங்கள் நிலையத்தில் துப்புரவு வேலை பார்த்த அம்மா ஒருவர் இதையெல்லாம் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே மலைக்காரர். பெயரை எழுதினால் துடைப்பத்தோடு தேடி வருவார், அதனால் எழுதவில்லை. என்னிடம் வந்து, "ஏஞ் சார், இத்தன படிச்சும் வாய் வராதா?" என்றார். பிறகு அறப்பளியை, துணி காயப்போட்டிருந்த கொடிக்குப் பின்னால், காது கேட்க வேறு ஆள் இல்லாத இடத்துக்குக் கூட்டிப்போனார். என் ஜன்னல் அந்தப் பக்கம் இருந்ததால் எனக்கு மட்டும் கேட்டது.

"இங்க பாரு கண்ணு. புள்ள உண்டாகறதுக்கு ஆம்பளகிட்ட இருந்து எது வருதோ, அதுதான் வேணும். காட்டுச் சாளைக் குடிசைக்குப் போயி எடுத்து, சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு, சூடு ஆறறதுக்குள்ள ஓடியா. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நான் மூன்று நாளாக முடியாமல் தவித்ததை அவர் துணியை மடித்துக்கொண்டே செய்துவிட்டார். தம்பி தங்கைகளே, உங்களிடம் வருகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். கூச்சம் உங்களுடையது. அதற்காக அவர்கள் ஏன் தேன் எடுக்க மரம் ஏற வேண்டும்?

அரை மணி நேரத்தில் அறப்பளி ஓடி வந்தான். சட்டைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்து வைத்துவிட்டுக் கதவருகே நின்றான். வெளியே இருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. நான் சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தேன். உயிரணுக்கள் கூட்டமாக நீந்த வேண்டிய இடத்தில் தேடித் தேடி மூன்றோ நாலோ பேர்தான் இருந்தார்கள். அவர்களும் படுத்திருந்தார்கள்.

"அடடா" என்றேன்.

என் முப்பது வருஷப் பணியில் நான் செய்த ஆகப் பெரிய தவறு இந்த ஒரு சொல்தான். முடிவைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஒரு தடவை பார்த்து எதையும் முடிவு கட்டக் கூடாது, இடைவெளி விட்டு மறுபடி பார்க்க வேண்டும், இதற்கு வைத்தியமும் உண்டு. இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் என் வாய்க்கு அது தெரியவில்லை.

"என்னங்க சார் அடடா?"

"ஒண்ணுமில்லீங்க. கண்ணுல தூசி."

அவன் மடையன் இல்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கரடியை அதட்டின ஆள் குரல் உடைந்து கேட்டான்: "எங்கிட்டத்தான் கொறைங்களா?" நான் மருத்துவர் சொல்லுவார் என்றேன். பாதி அழுகையாக என் கையைப் பிடித்துக்கொண்டு, சரசுவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றான். எந்த அளவுக்கு எனக்கு மனசு இளகிவிட்டதென்றால், அவன் கேட்டபடி மைக்ராஸ்கோப்பின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன். அரசாங்கக் கருவி மேல் சத்தியம் செய்த ஒரே ஊழியன் நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் மருத்துவர் அவனை உட்காரவைத்துப் பொறுமையாக எல்லாம் சொன்னார். மனைவியிடம் சொல்லுங்கள், இருவருமாக நாமக்கல் போங்கள், நான் கடிதம் தருகிறேன் என்றார். "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டினான். தேனுக்கு ஆட்டின அதே தலையாட்டல். அவன் சொல்லவில்லை. இப்படியே இரண்டு மாதம் ஓடி ஆடி வந்துவிட்டது.

அவர்கள் வகையறாவில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளை இல்லையென்றால், ஆடி நோன்பியன்று கருப்பு சாமி கோயிலில் ஊர் கூடி, ஆண்பிள்ளை இரண்டாவது கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று சாமியிடம் உத்தரவு கேட்பார்கள். கேட்கும் விதம், ஓர் ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்தி அதன் மேல் தண்ணீர் ஊற்றுவது. ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறினால் 'துளுக்கிவிட்டது', சாமிக்குச் சம்மதம். உதறாவிட்டால் சம்மதமில்லை. துளுக்கின ஆடு அன்றைக்கே குழம்பாகிவிடும், ஆட்டுக்கு அது தெரியாது. இதில் கொடுமை என்னவென்றால், தண்ணீரை ஊற்ற வேண்டியவள் முதல் பெண்டாட்டி. அவள் கையால் ஊற்றினால்தான் அவளுக்கும் சம்மதம் என்று கணக்கு.

நல்லம்மா கெட்டவர் இல்லை. ஒரே மகன், புருஷன் இல்லை, தனக்குப் பின்னால் அந்தக் காட்டில் யார் ஏர் பூட்டுவார்கள் என்ற பயம். மலையிலேயே பெரக்கரை நாட்டுப் பக்கம் ஒரு பெண்ணையும் பார்த்து வைத்திருந்தார். சரசுவிடம்தான் குறை என்று ஊரார் முன்னால் சொல்ல அவருக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. அந்தச் சாட்சி நான்.

"லேப் சார் கண்டிப்பா வரோணுமின்னு ஊர்க்கவுண்டர் சொன்னாருங்க" என்று ஆள் வந்து கூப்பிட்டபோது, நோன்பிச் சாப்பாடு என்று நினைத்து பெல்ட்டை ஒரு துளை தளர்த்திக்கொண்டு போனேன்.

கோயில் என்றால் கட்டடம் இல்லை. மரத்தடியில் நட்டுவைத்த கல்லும் வேலும்தான். காலை பத்து மணிக்கும் பனி விலகாமல், பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. ஊர் முழுக்கக் கூடியிருந்தது. நடுவில் ஊர்க்கவுண்டர், ஊர் வழக்குகளுக்கெல்லாம் தலைவர். பக்கத்தில் ஒரு கறுப்புக் கிடா. அதன் எதிரே பித்தளைக் குடத்தோடு சரசு. நாலடி தள்ளி, தரையைப் பார்த்துக்கொண்டு அறப்பளி.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் இன்னும் அவளிடம் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஊர்க்கவுண்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "கருப்பா, நம்ம அறப்பளி ரெண்டாவது கண்ணாலம் கட்டறதுக்கு உனக்குச் சம்மதமின்னா துளுக்கிக் காட்டு சாமி!"

சரசு குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் ஆட்டின் முதுகில் வழிந்தது. ஆடு அசையவில்லை.

மறுபடி ஊற்றினாள். ஆடு அசை போட ஆரம்பித்தது.

"காதுல ஊத்துங்க" என்றார் ஒருவர். காதில் ஊற்றினாள். "வால் பக்கமா ஊத்தோணும்" என்றார் இன்னொருவர். ஊற்றினாள். "துளுக்கு சாமி, துளுக்கு" என்று ஊரே கத்தியது. ஆடு கண்ணை மூடிக்கொண்டது.

குற்றம் யார்மேல் என்று தேடினார்கள். வழக்கம் போல வெளியூர்க்காரன்தான் அகப்பட்டான். "சார் கால்ல செருப்பு இருக்குதுங்க" என்றது ஒரு குரல். கழற்றினேன். ஆடு துளுக்கவில்லை. "இடுப்புல தோல் பெல்ட்டு போட்டிருக்காருங்க." அதையும் கழற்றிக் கொடுத்தேன். சாப்பாட்டை நம்பித் தளர்த்தின பேன்ட், பிடிமானம் போனதும் இறங்க ஆரம்பித்தது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். மீதி நடந்தது முழுக்க அப்படியே நின்றுதான் பார்த்தேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கழற்றின செருப்பை ஓரமாகத் தள்ளி வைக்கக் குனிந்தபோது குடம் என் முகத்துக்கு நேரே வந்தது. குடத்தின் வாயிலிருந்தும் லேசாகப் புகை வந்துகொண்டிருந்தது.

ஆய்வகத்தில் வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை உடம்புச் சூட்டுக்குப் பதப்படுத்தி வைத்தவன் நான். தொடாமலே சொல்லுவேன், முப்பத்தேழு டிகிரி. ஆடு ஏன் துளுக்கும்? மலைப்பனியில் நடுங்கிக்கொண்டிருந்ததை ஒரு புண்ணியவதி வெந்நீரில் குளிப்பாட்டுகிறாள், அது கண் சொக்கி நிற்கிறது.

நிமிர்ந்தேன். சரசு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத கண் இல்லை. "சொல்லிருவியா?" என்று கேட்ட கண். கோயிலில் இருந்த இருநூறு பேரில் எனக்கு மட்டும் இரண்டு ரகசியம் தெரியும், புருஷனுடையது ஒன்று, பெண்டாட்டியுடையது ஒன்று. அவர்கள் இருவருக்கும் ஒருவர் ரகசியம் மற்றவருக்குத் தெரியாது. என் கையிலோ பேன்ட்.

நான் ஆட்டைப் பார்த்தேன். அதுதான் அங்கே நிம்மதியாக இருந்தது.

நல்லம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தண்ணி சரியில்லைங்க. ஊத்துத் தண்ணி கொண்டாங்க" என்றார். ஊற்றுத் தண்ணீர் என்றால் விரல் வைத்தால் விரைத்துப்போகும். ஓர் ஆள் குடத்தோடு ஓடினான். சரசு கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். அந்த ஆள் திரும்பி வருகிற நேரம்தான் அவளுக்கு மிச்சம். ஊற்றுத் தண்ணீருக்கு எந்த ஆடும் துளுக்கும்.

அந்த இடைவெளியில் ஊர்க்கவுண்டர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க சார், நீங்கதான சரசுக்கு டெஸ்ட் எடுத்தது? அவளுக்கு என்ன கொறையின்னு ஊருக்குச் சொல்லுங்க."

அவள் சம்மதம் இல்லாமல் சொல்லக் கூடாது. "சொல்லட்டுமாம்மா?" என்று சரசுவைக் கேட்டேன். அவள் தலையசைத்தாள்.

"ஒரு குறையும் இல்லீங்க" என்றேன்.

நல்லம்மா விடவில்லை. "கொறையில்லாமயா பதினோரு தடவ கையில குத்துனீங்க? பதினோரு டெஸ்ட்டின்னா எத்தாப் பெரிய வியாதியா இருக்கோணும்?"

அவர் கேட்டது நியாயம்தானே? ஒரு பெண்ணை மட்டும் மறுபடி மறுபடி சோதித்தால், குறை அவளிடம்தான் என்று ஊருக்குச் சொன்னது நாங்கள்தான். காகிதத்தில் ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் எழுதினேன். ஊர் காகிதத்தைப் படிக்கவில்லை, அவள் நடந்து நடந்து வந்ததைப் படித்தது. அங்கே நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது, பேன்ட்டுக்காக அல்ல.

"அப்ப அறப்பளிக்குப் பார்த்தீங்களா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

நான் பயந்த கேள்வி இதுதான். உண்மையைச் சொன்னால் சரசு பிழைப்பாள். ஆனால் ஒரு மனுஷன் தன் உடம்பைப் பற்றி என்னை நம்பிக் கொடுத்ததை ஊர் நடுவில் அவிழ்த்துக் கொட்டினால், நாளைக்கு இந்த மலையில் ஒருத்தன் எங்கள் நிலையத்துப் படியேற மாட்டான். பொய் சொன்னால் அவள் வாழ்க்கை போகும். எந்தப் பாடப் புத்தகத்திலும் இதற்கு விடை இல்லை. என் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கவுண்டரே, அவங்கவங்க உடம்புச் சமாச்சாரத்தை அவங்கவங்கதான் சொல்லோணும். அத்தன தண்ணி ஊத்தியும் ஆடே வாயைத் திறக்கல. நான் திறந்தா நல்லாருக்குமா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். ஊர்க்கவுண்டர் சிரிக்கவில்லை. நான் அறப்பளியையே பார்த்தேன். விடாமல் பார்த்தேன். நான் சொல்ல மாட்டேன், ஆனால் நீ சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சொன்ன பார்வை அது. இதைவிட வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை எனக்கு.

ஊற்றுத் தண்ணீர் வந்துவிட்டது. புதுக் குடத்தை சரசு கையில் கொடுத்தார்கள். குடத்தின் வெளியெல்லாம் முத்து முத்தாக ஈரம். அவள் ஒரு தடவை அறப்பளியைப் பார்த்துவிட்டுக் குடத்தைத் தூக்கினாள்.

"ஊத்தாத!"

அறப்பளி கத்திய கத்தலில் ஆடு கண்ணைத் திறந்தது. "ஊத்தாத சரசு. கொறை எங்கிட்டத்தான் இருக்குது. அவகிட்ட ஒண்ணுமில்லீங்க."

நல்லம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "யார்ரா சொன்னது உனக்கு?"

"டாக்டர் சொன்னாங்கம்மா, அதுக்கு முன்னாடியே தெரியும். டெஸ்ட் குடுத்தேன். லேப் சார் பார்த்துட்டு அடடான்னாரு."

இருநூறு தலை என் பக்கம் திரும்பியது. நான் இன்னொரு கையாலும் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டேன்.

சரசு என்னைப் பார்க்கவில்லை. "எப்பக் குடுத்த?" என்று அவனைக் கேட்டாள்.

"ரெண்டு மாசமாச்சு."

"ரெண்டு மாசமா தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் என்னைத் தண்ணி ஊத்த உட்டுட்டுப் பாத்துக்கிட்டு நின்னியா?"

ஆறடி ஆள் நாலடியாகக் குறுகி நின்றான். எனக்கு அவன்மேல் கோபமாகவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

ஊர்க்கவுண்டர் பக்கத்திலிருந்த பெரியவர்களோடு குசுகுசுவென்று பேசினார். ஆண்பிள்ளையிடம் குறை என்றால் என்ன செய்வது என்று முன்னோர் யாரும் சொல்லி வைக்கவில்லை போலிருக்கிறது. கடைசியில் சரசு பக்கம் திரும்பித் தொண்டையைக் கனைத்தார். "பொம்பள கண்ணாலத்தத் தீர்த்துக்கிட்டு வேற ஊடு போற வழக்கமும் நம்ம சனத்துல இருக்குது கண்ணு. உனக்கு இஷ்டமின்னா அதுக்கும் சாமிகிட்டக் கேக்கலாம். ஆனா அதுக்குத் தண்ணிய அறப்பளிதான் ஊத்தோணும்."

அறப்பளி மெல்ல வந்து குடத்துக்குக் கை நீட்டினான். கொடுத்துவிடு, நான் ஊற்றுகிறேன் என்பது போல. அவன் கண்ணிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. சரசு குடத்தைக் கொடுக்கவில்லை.

"நானே கேக்கறனுங்க" என்றாள் ஊர்க்கவுண்டரிடம். "கருப்பா, இந்த ஆளு இனிமேப்பட்டு எங்கிட்ட ஒண்ணையும் மறைக்காம எங்கூடவே இருப்பான்னா, துளுக்கிக் காட்டு!"

குடத்தை அப்படியே அறப்பளி தலையில் கவிழ்த்தாள்.

ஊற்றுத் தண்ணீர் சட்டைக்குள் இறங்கியதும் அவன் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அப்படி ஒரு உதறல் உதறினான். முன்வரிசை முழுக்க நனைந்தது. பல் கிட்டித்து அவன் போட்ட சத்தத்தில் ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது. ஊர்க்கவுண்டர் முகத்தில் தெறித்த தண்ணீரைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"துளுக்கிருச்சு" என்றார்.

"ஆடு துளுக்கலீங்களே?" என்றான் ஊற்றுக்கு ஓடினவன்.

"சாமி எது மேல வரோணுமின்னு நீ சொல்லுவியா? உத்தரவாயிருச்சு. ஆட்டை அவுத்து உடுங்க."

கூட்டம் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்தேன், கவனமாக. நல்லம்மா மட்டும் சிரிக்கவில்லை. கல்லின்மேல் உட்கார்ந்திருந்தவர், மகன் நடுங்குவதைப் பார்த்து எழுந்தார். துவட்டத் துணி தேடியவர் காலில் முதல் குடம் தட்டுப்பட்டது. பாதித் தண்ணீர் அதில் இன்னும் இருந்தது. குடத்தைத் தொட்டார். கையை உள்ளே விட்டுப் பார்த்தார். நிமிர்ந்து சரசுவைப் பார்த்தார். சரசு முகம் வெளுத்துப் போனது.

நல்லம்மா வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, குடத்தைத் தூக்கி, மீதி வெந்நீரை மகன் தலையில் மெதுவாக ஊற்றினார். அவன் நடுக்கம் அடங்கியது. ஆடு சொக்கின மாதிரியே அவனும் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னங்க சார் பாக்கறீங்க?" என்றார் என்னிடம்.

"ஒண்ணும் பாக்கலீங்கம்மா" என்றேன்.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று போன வாரம் போனில் கேட்டேன். அறப்பளி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றான். சரசு போனை வாங்கி, வெந்நீரையும் எழுதுங்க, கருப்புக்கு அன்னைக்கே தெரியும், மத்தவங்களுக்குத் தெரிஞ்சா என்னங்க என்றாள். அடுத்த வாரமே இருவரும் நாமக்கல் பஸ் ஏறினதையும், எங்கே போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அறப்பளியே சத்தமாகப் பதில் சொன்னதையும் எழுதலாம் என்றாள்.

அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தை பிறந்ததா இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியும். அதைச் சொல்ல அவர்கள் எனக்குச் சம்மதம் கொடுக்கவில்லை.